இரைச்சலின் இலக்கணம்

வாங்க ஆளில்லாத ஐந்து வருடங்களில் உருவான ஓர் இசைத்தொகுப்பு, கால் நூற்றாண்டு கடந்தும் காதுகளைச் சோதிக்கிறது.

முதல் முறை கேட்பவர்கள் ஒலிப்பெட்டியில்தான் ஏதோ கோளாறு என்று நினைப்பார்கள். ஒரு கிட்டார் எண்ணெய் காணாத இரும்புக் கதவைப்போலக் கிறீச்சிடுகிறது. இன்னொன்று அதற்குச் சம்பந்தமே இல்லாததுபோல வேறு திசையில் இழுக்கிறது. ட்ரம்ஸ் ஓடத் தொடங்கி, தடுக்கி, நின்று, மறுபடி ஓடுகிறது. நடுவில் ஒருவர் தொண்டை கிழியக் கத்துகிறார். பாதிப் பாடலிலேயே அணைத்துவிடுபவர்கள் உண்டு. அவர்களைக் குறை சொல்ல முடியாது. தாக்குப்பிடிப்பவர்களுக்குத்தான் அந்த இரும்புக் கதவு திறக்கிறது.

தொகுப்பின் பெயர் 'அப்ஸ்க்யூரா'. லத்தீன் மொழியில் இருண்டது என்று பொருள். கனடாவில் பிரெஞ்சு பேசும் கியூபெக் மாநிலத்தைச் சேர்ந்த கோர்கட்ஸ் என்ற குழு 1998 ஜூனில் இதை வெளியிட்டது. 12 பாடல்கள், ஏறத்தாழ ஒரு மணி நேரம். டெத் மெட்டல் என்ற இசை வகையின் எல்லையை இவ்வளவு தூரம் தள்ளிவைத்த இசைத்தட்டுகள் மிகக் குறைவு. இதை வணங்குபவர்களும் உண்டு, காதைப் பொத்திக்கொண்டு ஓடுபவர்களும் உண்டு. சுமாராக இருக்கிறது என்று சொன்னவர்களைத்தான் காண்பது அரிது.

ஹெவி மெட்டல் இந்தியாவுக்குப் புதிதல்ல. 2007 மார்ச்சில் பெங்களூர் அரண்மனை மைதானத்தில் பிரிட்டனின் அயர்ன் மெய்டன் குழு வாசித்தபோது நாட்டின் பல மூலைகளிலிருந்தும் கறுப்புச் சட்டை இளைஞர்கள் ரயிலேறி வந்தார்கள். டெத் மெட்டல் அந்தக் குடும்பத்தின் முரட்டுப் பிள்ளை. எண்பதுகளின் நடுவில் அமெரிக்காவில் தலையெடுத்தது. கிட்டாரின் சுருதியை இறக்கிக் கட்டுவார்கள். குரல் அடிவயிற்றிலிருந்து உறுமும். ட்ரம்ஸ் வாசிப்பவர் இரண்டு கால்களாலும் பெரிய முரசை இயந்திரத் துப்பாக்கிபோல அடிப்பார். பாட்டின் பொருள் பெரும்பாலும் சாவு, பிணம், ரத்தம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஃப்ளோரிடாவின் டாம்பா நகரமும் அங்கிருந்த மோரிசவுண்ட் ஒலிப்பதிவுக்கூடமும் இந்த இசைக்குத் தலைநகராக இருந்தன.

கோர்கட்ஸ் குழுவும் அந்த வழியில்தான் கிளம்பியது. 1989ல் ஷெர்புரூக் நகரில் கிட்டார் கலைஞரும் பாடகருமான லூக் லெமேயும் நண்பர்களும் தொடங்கிய குழு இது. பெயரைப் பிரித்தால் வருவது உறைந்த ரத்தமும் குடலும். அந்த வயதுக்கும் அந்த வகைக்கும் பொருத்தமான பெயர்தான். 1991ல் வந்த முதல் தொகுப்பு டாம்பாவில் பதிவானது. 1993ல் இரண்டாவது வந்தது. இரண்டும் தேர்ந்த கைவேலை. இரண்டாவதில் சிக்கலான தாளக் கட்டுகள்கூட உண்டு. ஆனால் அந்த வருடங்களில் இப்படி வாசித்த திறமைசாலிகள் இவர்கள் மட்டுமல்ல. குழு அத்தோடு நின்றிருந்தால் வகையின் தீவிர ரசிகர்கள் மட்டும் நினைவில் வைத்திருக்கும் பெயராகப் போயிருக்கும்.

தொண்ணூறுகளின் நடுவில் டெத் மெட்டல் அலை வடியத் தொடங்கியது. கோர்கட்ஸுக்கு இருந்த ஒப்பந்தம் போயிற்று. குழுவிலிருந்தவர்களும் விலகினார்கள். எஞ்சியவர் லெமே ஒருவர்தான்.

அவர் சேர்த்துக்கொண்ட மூன்று பேரின் பெயரும் ஸ்டீவ் என்பது தற்செயல். கிட்டாருக்கு ஸ்டீவ் ஹர்டில். பேஸ் கிட்டாருக்கு ஸ்டீவ் க்ளூட்டியே. ட்ரம்ஸுக்கு ஸ்டீவ் மெக்டொனால்ட். இந்த நால்வரும் ஒத்திகை அறையில் உட்கார்ந்து எழுதியதுதான் 'அப்ஸ்க்யூரா'வின் பெரும்பகுதி. மெக்டொனால்ட் இடையில் விலக, பாட்ரிக் ரொபேர் அந்த இடத்துக்கு வந்து ஒலிப்பதிவில் வாசித்தார்.

முந்தைய தொகுப்புக்கும் இதற்கும் இடையே ஐந்து வருடம். பாடல்களில் பெரும்பாலானவை அந்த இடைவெளியின் முதல் பாதியிலேயே உருவாகிவிட்டன. பிறகு செய்ததெல்லாம் காத்திருப்பதும் வாசித்துப் பழகுவதும். எந்த நிறுவனமும் பணம் தரவில்லை. எந்த ரசிகரும் இப்படி ஒன்று வேண்டும் என்று கேட்கவில்லை. சொல்லப்போனால் இப்படி ஓர் இசை இருக்க முடியும் என்றே யாருக்கும் தெரியாது. சந்தை இல்லாத சரக்குக்காக நாலு பேர் வருடக்கணக்கில் தினசரி வாழ்க்கையிலிருந்து நேரத்தைப் பிய்த்து எடுத்துக் கொடுத்தார்கள்.

எழுதத் தொடங்கும் முன் அவர்கள் தங்களுக்கே சில தடைகளைப் போட்டுக்கொண்டார்கள் என்று லெமே பிற்காலப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஒரே ஸ்வரத்தைப் படுவேகமாக மேலும் கீழும் மீட்டிக்கொண்டே போகும் பழக்கம் கூடாது. ஸ்லேயர் குழு பிரபலப்படுத்திய, எல்லாரும் கையாண்ட பாய்ச்சல் தாளம் கூடாது. டெத் மெட்டல் கலைஞனுக்கு இவை இரண்டும் சமையல்காரனுக்கு உப்பும் புளியும் மாதிரி. இரண்டையும் எடுத்துவிட்டுச் சமைக்க வேண்டும் என்றால் வேறு ருசியைத் தேடத்தான் வேண்டும்.

தேடியது கிட்டாரின் உடம்பிலேயே கிடைத்தது. தந்தியை மீட்டுவதற்குப் பதில் தட்டினார்கள், தேய்த்தார்கள், சுரண்டினார்கள், வளைத்து இழுத்தார்கள். கிட்டார் கலைஞர்கள் அலங்காரத்துக்காக அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சேர்க்கும் கீச்சொலிகளை எடுத்து, அவற்றையே பாட்டின் வாக்கியங்களாக ஆக்கினார்கள். இந்த விஷயத்தில் ஹர்டிலின் பங்கு பெரியது. அவர் கையில் கிட்டார் பாதி நேரம் தந்தி வாத்தியமாகவும் பாதி நேரம் தாள வாத்தியமாகவும் இருந்தது.

இரண்டு கிட்டார்களும் சேரும் விதத்தில்தான் இந்த இசையின் முள் இருக்கிறது. கர்நாடக சங்கீதத்தில் விவாதி ஸ்வரங்கள் என்று ஒரு வகை உண்டு. நெருக்கியடித்து நிற்கும் இரண்டு ஸ்வரங்கள் அடுத்தடுத்து வந்தாலே காது சற்றுத் துணுக்குறும். 72 மேளகர்த்தாக்களில் 40 இந்த வகை. தோஷம் என்று ஒதுக்கியவர்களும் இருந்தார்கள், அதிலேயே அழகு கண்டவர்களும் இருந்தார்கள். கோர்கட்ஸ் இசையில் அப்படிப்பட்ட ஸ்வரங்கள் அடுத்தடுத்து வருவதில்லை, ஒரே சமயத்தில் ஒலிக்கின்றன. ஒரு கிட்டார் ஒரு ஸ்வரத்தைப் பிடித்து நிற்க, மற்றது அரை ஸ்வரம் தள்ளி வந்து உரசுகிறது. அந்த உரசல் தீர்ந்து இனிமையில் முடியும் என்று காது காத்திருக்கும். பெரும்பாலும் முடியாது. அடுத்த உரசல் வந்துவிடும்.

இதெல்லாம் சேர்ந்து வெறும் குழப்பம் ஆகாமல் இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. அவர்கள் எதையும் ஒரே ஒரு தடவை வாசித்துவிட்டுப் போவதில்லை. கோணல்மாணலான ஒரு வாக்கியம் வருகிறது. விபத்து என்று தோன்றுகிறது. அதே வாக்கியம் அதே கோணலுடன் மறுபடி வருகிறது. மூன்றாம் முறை வரும்போது காது அதை எதிர்பார்க்க ஆரம்பித்துவிடுகிறது. நான்காம் முறை அது ஒரு மெட்டு. தடுக்குவதாகத் தோன்றிய ட்ரம்ஸ் ஒவ்வொரு முறையும் மிகச் சரியாக அதே இடத்தில் தடுக்குகிறது என்பதும் அப்போதுதான் தெரிகிறது. கைதவறிச் செய்த காரியம் இப்படித் திரும்ப வராது. ஐந்து வருட ஒத்திகை எங்கே போயிற்று என்ற கேள்விக்கு இங்கே பதில் இருக்கிறது.

இந்த இரண்டு கிட்டார்களுக்கும் அடியில் க்ளூட்டியேயின் பேஸ் கிட்டார் ஓடுகிறது. டெத் மெட்டல் பதிவுகளில் பேஸ் கிட்டார் பொதுவாகக் காதுக்கே எட்டாது. இங்கே அதற்கு ஒரு தனிப் பாதை, தனிச் சத்தம். வழி தவறுகிறது என்று தோன்றும்போதெல்லாம் அதைப் பிடித்துக்கொண்டு நடக்கலாம்.

குரலும் மாறியது. முதல் இரண்டு தொகுப்புகளில் லெமே வகையின் மரபுப்படி உறுமினார். அந்த உறுமலில் முகமூடி இருக்கும். பேய்க்கதை சொல்பவனின் குரல் அது. 'அப்ஸ்க்யூரா'வில் முகமூடி கழன்றுவிட்டது. மாட்டிக்கொண்ட ஒரு மனிதன் வெளியே வர முடியாமல் கத்துவதுபோலக் கேட்கிறது. சில பாடல்களில் ஹர்டிலின் குரலும் வந்து சேர்கிறது. பாடுபொருளும் பிணவறையைவிட்டு வெளியே வந்தது. தலைப்புகளே சொல்கின்றன: மண்ணுலகக் காதல், பழைய நினைவின் ஏக்கம், பரவசத் துயரம். ஒன்பதாவது பாடலின் தலைப்பு பிரெஞ்சில் இருக்கிறது. வாழ்க்கை ஒரு முன்னுரை என்று தொடங்குகிறது. ஏழாவது பாடலின் தலைப்பு இந்திய வாசகர்களுக்குப் பழக்கமான ஒன்று. 'சப்டில் பாடி' என்பது நம் தத்துவ நூல்களில் வரும் சூட்சும சரீரத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் சொல். குடலையும் ரத்தத்தையும் பெயராக வைத்துக்கொண்ட குழு, உடலுக்குள் இருக்கும் இன்னோர் உடலைப் பற்றிப் பாட வந்தது சின்ன தூரமல்ல.

கோர்கட்ஸுக்கு முன்னோடிகள் இல்லாமல் இல்லை. அதே கியூபெக்கின் அலுமினிய ஆலை நகரான ஷோன்கியேரில் 1982ல் தொடங்கிய வாய்வாட் குழுவில் டெனி டமூர் என்ற கிட்டார் கலைஞர் இருந்தார். உலோக இசைக்குள் நெருடலான ஸ்வரக் கூட்டுகளைத் துணிந்து கொண்டுவந்தவர் அவர். 2005ல் காலமானார். இன்னொரு ஊற்று ஐரோப்பிய செவ்வியல் இசை. லெமே மாண்ட்ரியலில் வில் வாத்தியமும் இசையமைப்பும் முறையாகப் பயின்றவர். ரஷ்யாவின் ஷாஸ்டகோவிச்சையும் போலந்தின் பெண்டரெட்ஸ்கியையும் தன் ஆசான்களாகச் சொல்பவர்.

பெண்டரெட்ஸ்கியை அறிந்தவர்களுக்கு 'அப்ஸ்க்யூரா' அவ்வளவு அதிர்ச்சியாக இருக்காது. ஹிரோஷிமாவில் மடிந்தவர்களுக்குக் காணிக்கையாக்கப்பட்ட அவருடைய இரங்கலிசை 1960ஐச் சேர்ந்தது. 52 வில் வாத்தியங்களுக்காக எழுதப்பட்டது. வாத்தியத்தால் எட்ட முடிந்த மிக உயர்ந்த ஸ்வரத்தை வாசி, வாத்தியத்தின் மரத்தில் தட்டு என்றெல்லாம் அதில் கட்டளைகள் உண்டு. கேட்பவர் காதில் விழுவது அலறல். ஆனால் ஒவ்வோர் அலறலும் தாளில் எழுதப்பட்டது, ஒத்திகை பார்க்கப்பட்டது. அந்தப் பாடத்தைத்தான் லெமே நான்கு பேர் கொண்ட ஒரு மெட்டல் குழுவுக்குள் கொண்டுவந்தார். 'எர்த்லி லவ்' பாடலில் அவரே வில் வாத்தியம் வாசிக்கிறார். அழகு சேர்ப்பதற்காக அல்ல. அந்தப் பாடலில் கிட்டார்களைவிட அதிகம் நெருடுவது அதுதான்.

எங்கே தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு நான்காவது பாடலான 'நாஸ்டால்ஜியா' நல்ல வாசல். கனமான, ஆடி அசைந்து வரும் தாளம். கிட்டார்களின் கீச்சல் காதைக் குடையும்போதே தலை தன்னால் ஆடத் தொடங்கிவிடும். அதற்கடுத்து 'கிளவுடட்'. ஒன்பது நிமிடத்துக்கும் மேல். வேகமே இல்லை. சேற்றில் கால் புதையப் புதைய நடப்பதுபோன்ற நடை. வேகத்தால் மிரட்டும் ஒரு கலைவடிவத்தில், மெதுவாக நடந்தே மூச்சை முட்டவைக்கலாம் என்று காட்டிய பாடல் இது. இரண்டும் பிடிபட்ட பிறகு முதல் பாடலுக்குத் திரும்பலாம். கதவு இப்போதும் கிறீச்சிடும். ஆனால் எந்த இடத்தில் கிறீச்சிடும் என்று தெரிந்திருக்கும்.

குறை சொல்ல இடமில்லாத தொகுப்பு அல்ல இது. ஒரு மணி நேரம் நீளம்தான். பின்பாதியில் சில பாடல்கள் ஒன்றின் சாயலில் ஒன்று இருக்கின்றன. பிரெஞ்சு பேசுபவர்கள் எழுதிய ஆங்கில வரிகள் ஆங்காங்கே தத்துவப் புத்தகத்தின் உரைபோல விறைத்து நிற்கின்றன. இதெல்லாம் இசையா என்ற கேள்வியும் நியாயமானதே. சேர்ந்திசையின் இனிமைக்காகவோ ராகத்தின் குழைவுக்காகவோ இசை கேட்பவருக்கு இதில் எதுவும் கிடைக்காது. ஆனால் துக்கமும் கோபமும் பயமும் எப்போதும் சுருதி சேர்ந்தே வருவதில்லை. மனம் பிளந்து கிடக்கும் நேரத்தில் இனிய சங்கீதம் பொய்யாகத் தோன்றுவதும் உண்டு. அந்த நேரத்துக்கான இசை இது. இந்தத் தொகுப்பைப் பல வருடம் கூடவே வைத்திருக்கும் ரசிகர்கள் அதன் சிக்கலைக் கண்டு வியந்ததற்காக மட்டும் வைத்திருக்கவில்லை. அதில் நடிப்பு இல்லை என்பதற்காகவும்தான்.

1998ல் இதை வரவேற்றவர்கள் சிலரே. முந்தைய தொகுப்புகளை எதிர்பார்த்து வாங்கியவர்கள் ஏமாந்தார்கள். காலம் செல்லச் செல்ல நிலைமை மாறியது. அமெரிக்காவின் மெட்டல் இசை இதழான டெசிபல் தன் புகழ்மண்டப வரிசையில் இதைச் சேர்த்தது. நியூசிலாந்தின் அல்சரேட், இத்தாலியின் ஆட் நாசியம் என்று உலகின் பல பக்கங்களிலும் இந்த இலக்கணத்தைக் கற்றுக்கொண்ட குழுக்கள் தோன்றின. முரண்சுருதி டெத் மெட்டல் என்று இன்று ஒரு தனி வகையே இருக்கிறது. அதன் ஆதிநூல்களில் ஒன்றாக 'அப்ஸ்க்யூரா' வைக்கப்படுகிறது.

ஆனால் புகழ் வந்து சேர்ந்தபோது அதைப் பங்கிட்டுக்கொள்ள எல்லாரும் இல்லை. தொகுப்பு வெளியான பிறகு ஹர்டில் குழுவைவிட்டு விலகினார். மெக்டொனால்ட் திரும்பி வந்து 2001ல் வெளியான அடுத்த தொகுப்பில் வாசித்தார். 2002ல் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். தன் நண்பன் அமர்ந்திருந்த இருக்கையில் வேறொருவரை வைத்துத் தொடர லெமேக்கு மனம் வரவில்லை. குழுவைக் கலைத்துவிட்டு மாண்ட்ரியலைவிட்டுச் சென்றார். தச்சுவேலை கற்றார். கிட்டார் பிடித்த கை இழைப்புளி பிடித்தது.

திரும்பவும் அவரை இழுத்துவந்தவர் ஹர்டில். இருவரும் நெகட்டிவா என்ற குழுவில் 2006ல் மறுபடி சேர்ந்து வாசித்தார்கள். கோர்கட்ஸ் தொடங்கி இருபது வருடம் ஆகப்போகிறது, அந்தப் பெயரில் மறுபடி ஒரு தொகுப்பு செய் என்று ஹர்டில்தான் தூண்டினார். லெமே சம்மதித்தார். அது உருவாகி வெளிவருவதற்குள், 2012 மே மாதம், அறுவைச் சிகிச்சைக்குப் பின் ஏற்பட்ட சிக்கல்களால் ஹர்டில் இறந்துபோனார்.

'கலர்ட் சேண்ட்ஸ்' என்ற அந்தத் தொகுப்பு 2013ல் வந்தது. வண்ண மணலால் நாள்கணக்கில் மண்டலம் வரைந்து, முடிந்ததும் கலைத்துவிடும் திபெத்திய துறவிகளைப் பற்றியும், அந்த நாட்டுக்கு நேர்ந்ததைப் பற்றியுமான பாடல்கள் அதில் இருக்கின்றன. நடுவில் முழுக்க முழுக்க வில் வாத்தியங்களுக்கென்றே எழுதிய ஒரு பகுதியும் உண்டு. ஷாஸ்டகோவிச்சிடம் பட்ட கடனை லெமே அங்கே வெளிப்படையாக அடைத்தார். 2016ல் வந்தது 33 நிமிடம் ஓடும் ஒரே பாடல். பழைய பாக்தாத்தின் ஞான இல்லத்தைப் பற்றியது.

இந்தப் புதிய கோர்கட்ஸில் லெமேயுடன் கிட்டார் வாசித்தவர் கெவின் ஹஃப்னேகல். பேஸ் கிட்டாருக்குக் காலின் மார்ஸ்டன். இருவரும் அமெரிக்கர்கள். ஹர்டிலும் க்ளூட்டியேயும் ஒத்திகை அறையில் தேய்த்தும் சுரண்டியும் கண்டுபிடித்த ஓசைகளை அவர்கள் இசைத்தட்டிலிருந்து ரசிகர்களாகக் கேட்டு, விரல்களில் ஏற்றிக்கொண்டவர்கள். மேடையில் லெமே பழைய பாடல்களைத் தொடங்கும்போது அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியிருந்தது அதிகமில்லை.